சில்ஃபா அண்ணி கரையேற்றிய சரக்கு

கார்னீலியா ஆவரில் என்ற சீமாட்டியை நடுக்கடலில் கொன்றதாக இதுவரை ஐந்து கடற்கொள்ளைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேரும் சாகும் தறுவாயில்தான் சொன்னார்களாம். ஐந்து பேரும் வெவ்வேறு கடலில் கொன்றார்களாம். ஒருவன் அவளைக் கடலுக்கு மேல் நீட்டிய பலகையில் நடக்கவிட்டான், இன்னொருவன் பாய்மரத்தில் கட்டினான். போன மாதம் நார்ஃபோக்கிலிருந்து வந்த பத்திரிகையில், அவள் ஒரு பழங்குடித் தலைவனை மணந்து ஏழு பிள்ளை பெற்றதாக ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறான். சுருட்டி அடுப்பில் போட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இந்தக் குப்பையைப் படித்துப் படித்து எனக்கு வயிறு எரிகிறது.

சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் என் அண்ணியைப் பற்றி எழுதுகிறேன். சீமாட்டி இதில் அண்ணியின் வீட்டுக்கு வந்த ஒருத்தி, அவ்வளவுதான்.

அண்ணியின் பெயர் சில்ஃபா கேஸ்கில். என் மூத்த அண்ணன் ஜேபஸின் மனைவி. அண்ணன் ஹட்டராஸ் முனையில் படகோடு மூழ்கிப் போனபோது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. அழவேண்டிய அளவுக்கு அழுதாள். பிறகு அண்ணனுடைய காலணியை மாட்டிக்கொண்டு, அவனுடைய களிமண் புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, அவன் செய்த வேலையையே செய்யக் கிளம்பிவிட்டாள். அதாவது விடியும் முன்பே கடற்கரைக்குப் போய், இன்றைக்கு என்ன ஒதுங்கியிருக்கிறது என்று பார்ப்பது.

எங்கள் ஊர் ஒரு மணல்வரி. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. இங்கே சோளமும் சரியாக விளையாது. கப்பல் உடைந்தால்தான் எங்களுக்கு அறுவடை. அதற்காக நாங்கள் கப்பலை உடைப்பதில்லை, பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற மாதிரி குதிரைக் கழுத்தில் விளக்குக் கட்டிக் கப்பலைக் கரைக்கு இழுத்து ஏமாற்றுவதும் இல்லை. எங்கள் குதிரைகள் அந்த அளவுக்குச் சொன்னபடி கேட்பவை அல்ல.

ஒதுங்கும் சரக்கை ஏலம் போடுகிற அரசாங்க உத்தியோகம் என்னுடையது. அதற்கொரு முறை உண்டு. அலை விட்டுப்போகிற பாசிக் கோட்டுக்கு மேலே ஒரு பொருளை யார் இழுத்துப் போடுகிறார்களோ, அது அவர்கள் பொறுப்பு. சொந்தக்காரன் தேடி வந்தால், சரக்கைக் கண்ணால் பார்க்கும் முன்பே அடையாளம் சொல்லவேண்டும். பீப்பாய் என்றால் அதில் சுட்ட குறி, மூட்டை என்றால் தையல். சரியாகச் சொன்னால் கூலி கொடுத்துவிட்டு எடுத்துப்போகலாம். சொல்லத் தெரியவில்லை, அல்லது வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்றால், இழுத்தவர்களுக்கே சொந்தம்.

இந்த முறையை அண்ணியைப்போல் கரைத்துக் குடித்தவர்கள் யாருமில்லை. அவள் இழுத்துப் போட்டவற்றில் ஒரு தேவாலய மணி உண்டு, பதினெட்டு பெட்டி காலணி உண்டு. காலணிகள் அத்தனையும் இடது காலுக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரே இரண்டு இடது காலோடு நடந்தது. ஒருமுறை உயிரோடு ஓர் ஆட்டையும் இழுத்து வந்தாள். கப்பல் சமையற்காரன் வந்து கெஞ்சியபோது, "அடையாளம் சொல்லுங்க" என்றாள். "வெள்ளை ஆடும்மா" என்றான் அவன். "எல்லா ஆடும்தான் வெள்ளை. கொம்புல எந்தக் கொம்பு உடைஞ்சிருக்கு?" ஆடு எட்டு வருஷம் அண்ணியிடம்தான் இருந்தது.

அவளிடம் ஒரே குறை, வாய். ரகசியத்தைக்கூட ஒருவாறு காப்பாற்றுவாள், பெருமையை மட்டும் அவளால் அடக்கவே முடியாது.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் வருஷம் ஜனவரியில் வாடைக்காற்று மூன்று நாள் பேயாட்டம் ஆடி ஓய்ந்தது. நாலாம் நாள் காலையில் அண்ணி என் கொட்டகை வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

"தம்பி, நோட்டை எடு. எழுதிக்கோ. கப்பல் கதவு ஒண்ணு. அதுல கட்டின பொம்பளை ஒண்ணு. உயிர் இருக்கு."

"அண்ணி, மனுஷங்களைச் சரக்குல எழுத முடியாது."

"ஏன் முடியாது? ஆட்டை எழுதுனியே."

"ஆடு வேற, அண்ணி."

"வேறதான். ஆடு வந்த அன்னிக்கே பால் கொடுத்துச்சு. இவ இன்னும் கண்ணையே தொறக்கல. கோட்டுக்கு மேல இழுத்தது நான். எழுதிக்கோன்னா எழுதிக்கோ!"

எழுதினேன். என்ன செய்வது, அண்ணன் பெண்டாட்டி.

'பெர்சிஸ்' என்ற கப்பலில் வந்தவர்களில் வேறு யாரும் கரை சேரவில்லை. அண்ணி அந்தப் பெண்ணைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் கிடத்தி, நாங்கள் தேநீராகக் குடிக்கும் யோப்பன் புதரின் இலையைக் கொதிக்க வைத்து மணிக்கொருதரம் வாயில் ஊற்றினாள். மூன்றாம் நாள் கண் திறந்தது. பெயரைக் கேட்டால் பதில் இல்லை. "செத்துப் பொழைச்சவ. பைபிள்ல தபீத்தாளும் அப்படித்தானே" என்று சொல்லித் தபீத்தா என்று பெயர் வைத்துவிட்டாள் அண்ணி.

பைபிள் தபீத்தாள் அழகாகத் துணி தைப்பவள். எங்கள் தபீத்தாவுக்கு ஊசியில் நூல்கூட ஒழுங்காகக் கோக்க வராது. மீனை அறுக்கச் சொன்னால் மீனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பாள். சோளரொட்டி அடியில் கரியும் மேலே மாவுமாக வரும். வயது முப்பதிருக்கும். இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு, எதிரே நின்று பேசுகிற எவருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

"ஏண்டி, உங்க வீட்டுல சோறு யாரு பொங்குவா? தேவதையா?" என்பாள் அண்ணி.

"வேலைக்காரங்க இருந்தாங்க, அக்கா."

"இங்க நான் ஒரே வேலைக்காரிதான் இருக்கேன். அவளும் திட்டுவா."

ஆனால் அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியும், அச்சடித்த மாதிரி எழுதுவாள். எங்கள் கரையில் என்னைத் தவிர எழுதத் தெரிந்தவர் யாருமில்லை, என் எழுத்தும் நண்டு ஊர்ந்த மாதிரிதான். அண்ணிக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனாலேயே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் வீட்டுல எழுதத் தெரிஞ்சவ இருக்கா, தெரியுமில்ல?" என்று கண்டவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள்.

பிப்ரவரியில் படகோட்டி ஒருவர் கொண்டுவந்த பத்திரிகையில் விவரம் வந்தது. தென் கரோலினாவின் பெரிய நெல் பண்ணைக்காரர் லூசியன் ஆவரிலின் மனைவி கார்னீலியா, பெர்சிஸ் கப்பலோடு காணாமல் போய்விட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போய்த் தபீத்தாவிடம் நீட்டினேன். படித்தாள். முகம் மண்ணாகிவிட்டது.

"அடிப்பாரா?" என்றாள் அண்ணி.

"இல்லக்கா."

"குடி?"

"இல்ல."

"பொறவு என்னடி? பண்ணைக்காரன் பொண்டாட்டி எதுக்கு என் கரிஞ்ச ரொட்டியைத் தின்னுட்டு உக்காந்திருக்க?"

"ரொட்டி கரிஞ்சது என்னாலதான்" என்றாள் அவள். "பதினோரு வருஷமா அவரோட கடிதம் எல்லாம் நான்தான் எழுதுறேன். அவர் படிக்கவே மாட்டார், கையெழுத்து மட்டும் போடுவார். என் பொறந்தநாளுக்கு எனக்கு வந்த வாழ்த்துக்கூட நானே எழுதுனதுதான்."

அண்ணி சிரிக்கத் தொடங்கியவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஓடிப்போன அடிமைங்களைப் பிடிக்கப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பாங்கல்ல. அதுவும் நான்தான். அவர் நின்னுக்கிட்டு அடையாளம் சொல்லுவார், நான் எழுதுவேன். பினான்னு ஒருத்தி. முழங்கையில தீப்பட்ட தழும்பு, முன்பல் ஒண்ணு உடைஞ்சது, இடது காலை இழுத்து நடப்பா. அவ்வளவையும் எழுதுனேன். எட்டே நாள்ல பிடிச்சிட்டாங்க. அவளைப் பிடிச்சுக் கொடுத்தது என் கை. அப்பா செத்த வீட்டுக்குப் போறேன்னு கப்பல் ஏறுனேன், திரும்பி எப்படிப் போறதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சேன். என்னை அங்க அனுப்பிடாதீங்க."

அண்ணி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "எவன் வந்தாலும் அடையாளம் சொல்லட்டும். கோட்டுக்கு மேல இழுத்தது நான்" என்றாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, உப்பங்கழிப் பக்கம் ஒரு படகு வந்து நின்றது. பளபளவென்று கருப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒரு துரை இறங்கினார். வேறு யாராக இருக்கும்! என் கொட்டகைக்கு எதிரே வெயிலில் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். தபீத்தா அவர்கள் நடுவில். ஓடி ஒளிய எங்கள் மணலில் ஒரு மரம்கூட இல்லை. அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? தபீத்தாவின் துணித் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தன் வாயிலிருந்த புகைக்குழாயைப் பிடுங்கி அவள் வாயில் செருகிவிட்டாள். அந்தப் பெண் இரும ஆரம்பித்தது.

ஆவரில் துரை என்னிடம் வந்து, பெர்சிஸ் கப்பலிலிருந்து ஏதாவது கரையேறியதா என்று கேட்டார்.

"முறைப்படி அடையாளம் சொல்லணும், ஐயா" என்றேன். பொய் சொல்லாமல், உண்மையையும் சொல்லாமல் நிற்க எனக்கு அந்த முறை ஒன்றுதான் கதி.

"பச்சைப் பட்டு கவுன். மரகத மோதிரம். தங்கக் கடிகாரம், இங்கிலாந்துல செஞ்சது, மூடியில என் குலச்சின்னம், உள்ள வரிசை எண்…" கடகடவென்று ஒப்பித்தார்.

"அது மேல சுத்துன துணி, துரை" என்றாள் அண்ணி, வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "உள்ள இருந்த சரக்கு எப்படி இருக்கும்?"

துரை என்னைப் பார்த்தார். "சொல்லுங்க ஐயா" என்றேன்.

"நடுத்தர உயரம். முடி… பழுப்பு. பழுப்புன்னுதான் நினைக்கிறேன்."

"கண்ணு?"

"கண்ணு… எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்."

பெண்களிடையே குபீரென்று சிரிப்பு. "ரெண்டு கண்ணா துரை?" என்றாள் ஒருத்தி.

"தழும்பு, மச்சம், உடம்புல ஏதாவது குறி?" என்றேன் நான்.

அவர் எரிச்சலோடு கையை வீசினார். "எனக்கென்னய்யா தெரியும்? இந்த மாதிரி விவரமெல்லாம் என் வீட்டுல அவதான் எழுதுவா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போன ஒருத்தியின் பல் முதல் கால்வரை வரிவரியாகச் சொல்லத் தெரிந்த வாய், பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் புருவத்தைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறது. அவள் ஆறடி தூரத்தில்தான் இருந்தாள்.

"அடையாளம் சரியில்ல, ஐயா. உங்களுக்குக் கொடுக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எனக்குக் கொடுக்க வேண்டாம்!" என்று கத்தினார் அவர். "அவளை எடுத்துட்டுப் போக நான் வரல. ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் எனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டார் அவசரப்படுத்துறாங்க. முதல் மனைவி செத்துட்டாங்கிறதுக்குத் தாள் இல்லாம பாதிரியார் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க மாட்டேங்கிறார். தாள் கொடுங்க, நான் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கப்பல் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தபீத்தாவின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது.

உடலைப் பார்க்காமல் செத்ததாக எழுத எனக்கு அதிகாரமில்லை என்றேன். அவர் விடவில்லை. கடைசியில், சரக்கின்மேல் உரிமையில்லை என்று சொந்தக்காரர் கொடுக்கிற விடுதலைத் தாள் எழுதலாம், பாதிரியாருக்கு அது போதுமா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். ஆளை அனுப்பிவைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. ஆனால் முந்தின வாரம் பீப்பாய் வளையம் தெறித்து என் வலது கை வீங்கிக் கிடந்தது. துரையோ பேனா பிடித்துப் பழக்கமில்லாதவர்.

"எழுத ஆள் இல்லையே" என்றேன்.

"ஏன் இல்ல?" என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்திக்கொண்டு. "எங்க தபீத்தா எழுதுவாளே! பாதிரியாரே வந்து பார்க்கணும், அப்படி எழுதுவா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கேயே அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

தபீத்தா எழுந்தாள். குழாயைப் பல்லில் கடித்தபடி வந்து, என் பீப்பாய் மேசைமுன் குனிந்து, இறகுப் பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தாள். நான் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடித்த பிறகும் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். துரை தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே, அம்மா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி எழுதி" என்றாள் அவள். புகையில் குரல் கரகரவென்று வந்தது.

"கொடுத்து வச்ச மனுஷன்" என்றார் துரை.

தாளை அவர்பக்கம் திருப்பி வைத்து, இறகை நீட்டிவிட்டு, அவள் இரண்டடி பின்வாங்கி நின்றாள். அவர் அடியில் சரசரவென்று கையெழுத்துப் போட்டார். நானும் பயத்தில் படிக்காமல் இடது கையால் ஒரு கிறுக்கல் போட்டேன். அவர் மை காய மணல் தூவி, மடித்து, அரக்கு வைத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படகேறிவிட்டார்.

படகு மறைந்ததும் அண்ணி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என் வாயில மண்ணைப் போட! உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பேனேடி!"

"நல்லதாப் போச்சு, அக்கா" என்றாள் தபீத்தா. தொப்பியைக் கழற்றினாள். கண்ணீர் வழிந்து முகமெல்லாம் ஈரம்.

"என்ன எழுதுன?" என்றேன். எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

அவள் ஒப்பித்தாள். "'கார்னீலியா ஆவரில் உயிரோடு இருக்கிறாள். இதை எழுதுகிறவள் அவளே. எழுதி முடித்துவிட்டு உங்கள் எதிரில் நிற்கிறேன். இதைப் படித்தீர்களானால் தலை நிமிர்ந்து என்னைப் பாருங்கள், பேசலாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், என்மேல் உங்களுக்கு இனி எந்த உரிமையும் இல்லை.'"

அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறதே! ஆனால் அதைப்பற்றி ஒருநாளும் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. பாதிரியார் அரக்கை உடைத்துப் படித்தாரா, துரையே வழியில் படித்தாரா, தெரியாது. ஈஸ்டர் கல்யாணம் நடக்கவில்லை. மனைவி எதிரே நின்றும் தெரியாமல் அவளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எந்த மனிதன் வெளியில் சொல்வான்? சாகும்வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. அதைக் காதல் என்று பத்திரிகைகள் பத்திபத்தியாக எழுதின.

ஆனால் அன்றைக்கு அண்ணி கேட்ட கேள்வி வேறு. "அவன் படிச்சிருந்தா? நிமிர்ந்து பார்த்திருந்தா? போயிருப்பியாடி?"

தபீத்தா கடலைப் பார்த்தாள். "தெரியல, அக்கா" என்றாள்.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பதில் பேசாமல் போனதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் முழுக்க அவள் வெளியே தலைகாட்டவில்லை. அதற்கு மறுநாள் காலை தபீத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"தம்பி, தாள் எடு. நீ எழுதாத, அவளே எழுதட்டும். கோட்டுக்கு மேல இழுத்தது நான்தான், ஆனா இவமேல எனக்கும் உரிமை இல்லன்னு போடு. இவ இருக்கணும்னா இருக்கட்டும். போகணும்னா எந்தப் படகுலயும் ஏறட்டும். எவனும் எவளும் இவளை அடையாளம் கேட்கக் கூடாது."

"அக்கா, இதெல்லாம் எதுக்கு?"

"எழுதுடி. வாயாடாத."

தபீத்தா எழுதினாள். நான் இறகை வாங்கி அண்ணியிடம் நீட்டி, கையெழுத்துக்குப் பதில் கீறல் போடவேண்டிய இடத்தைக் காட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு, என்ன அவசரம்? முதல்ல அவ என்ன எழுதியிருக்கான்னு படிக்கச் சொல்லு" என்றாள்.

தபீத்தா படித்தாள். "இன்னொரு தடவை" என்றாள் அண்ணி. மறுபடி படிக்க ஆரம்பித்தவள் பாதியில் முடியாமல் அழுதுவிட்டாள். அண்ணி கன்னத்தில் கைவைத்தபடி, அவள் அழுது முடித்து மீதியையும் படிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டுத்தான் கீறல் போட்டாள். இரண்டு பேரும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு, ரொட்டி சுட நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனார்கள்.